"காத்து பிரிஞ்சுதா?" – ஆபரேஷனுக்கு அப்புறம் நின்றுபோகும் குடல்

ஆகஸ்ட் 4, 2025, இரவு 9.15 – சேலத்து வாசகர் கேட்டது

"அக்கா, அப்பாவுக்குப் பெருங்குடலில் கட்டி. வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்து இன்றோடு நாலு நாள். இன்னும் காற்று பிரியவில்லை. வயிறு பானை மாதிரி உப்பி இருக்கிறது. மூக்கில் டியூப். மயக்க மருந்தை அதிகமாகக் கொடுத்துவிட்டார்கள், அதனால்தான் குடல் இன்னும் தூங்குகிறது என்று சித்தப்பா வார்டில் சத்தம் போடுகிறார். அப்படித்தானா?"

ஆகஸ்ட் 4, இரவு 10.40

மயக்க மருந்து காரணம் இல்லை. இப்போது கொடுக்கும் மயக்க வாயு பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே மூச்சோடு வெளியே போய்விடும். நாலாம் நாள் வரைக்கும் குடலைப் பிடித்து வைக்க அது உடம்பில் இருக்காது. சித்தப்பாவை மயக்க டாக்டரிடம் சண்டைக்குப் போக விடாதீர்கள்.

நான் 19 வருடமாக சர்ஜரி வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். ஒரு ஷிப்டில் நான் அதிகம் கேட்கும் கேள்வி "காத்து பிரிஞ்சுதா?" என்பதுதான். "வலிக்குதா?" கூட அதற்கு அடுத்துதான். குடல் தூங்கவில்லை. அதன் தசைக்குள் பெரிய வேலை ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. டியூட்டிக்குக் கிளம்புகிறேன், மீதியைக் காலையில் எழுதுகிறேன்.

அதற்குள் இதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்: காய்ச்சல் இருக்கிறதா, நாடி வேகமாக ஓடுகிறதா, வயிற்று வலி நேற்றைவிட இன்று அதிகமா. இதில் எது இருந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள். குடலைச் சேர்த்துத் தைத்த இடத்தில் கசிவு இருந்தாலும் குடல் இப்படித்தான் நிற்கும். அந்தச் சந்தேகத்தைத் தீர்த்த பிறகுதான் மற்றப் பேச்சு.

ஆகஸ்ட் 5, காலை 8.05

காய்ச்சல் இல்லை, நாடி 84, வலி குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

வயிற்றைத் திறந்ததும் குடல் நிற்பது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டம் நரம்பு வழியாக. தோலை வெட்டும்போதும் குடலைத் தொடும்போதும் முதுகுத்தண்டு வழியாக "நில்" என்று உத்தரவு வருகிறது. 1899-லேயே பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் நாய்களில் இதைப் பார்த்தார்கள். வயிற்றைத் திறந்தால் குடல் அசைவு நிற்கிறது, குடலுக்குப் போகும் குறிப்பிட்ட நரம்புகளை வெட்டிவிட்டால் திரும்பி வருகிறது. நூறு வருடத்துக்குக் கிட்டத்தட்ட எல்லோரும் இதோடு நிறுத்திக்கொண்டார்கள். நான் நர்சிங் படித்தபோதும் பாடத்தில் இவ்வளவுதான் இருந்தது.

ஆனால் தையல் போட்டு முடித்ததும் இந்த நரம்பு உத்தரவு சீக்கிரமே அடங்கிவிடும். அப்படியானால் மூணு நாள், நாலு நாள் ஏன்?

1998-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கால்ஃப், பாவர் குழுவினர் எலிகளின் வயிற்றைத் திறந்து, ஈரப்பஞ்சு சுற்றிய குச்சிகளால் சிறுகுடலை மெதுவாக உருட்டினார்கள். வெட்டவில்லை, தைக்கவில்லை. ஆபரேஷனில் டாக்டர் கை படுவது போல அவ்வளவுதான். அப்புறம் குடலின் தசை அடுக்கை எடுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை அணுக்கள் வந்து குவிந்திருக்கின்றன. எவ்வளவு அதிகம் கை பட்டதோ அவ்வளவு குவிகின்றன, தசையும் அவ்வளவுக்கு வலுவிழக்கிறது. வயிற்றை வெறுமனே திறந்து மூடியதற்கு ஒரு அளவு, குடலை வெளியே எடுத்து வைத்ததற்கு அதைவிட அதிகம், அழுத்தித் தேய்த்ததற்கு இன்னும் அதிகம்.

இதைத் தொடங்கி வைப்பது வெளியிலிருந்து வரும் ஆள் இல்லை. குடல் தசைக்குள்ளேயே எப்போதும் குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்கள். தசை அடுக்குகளுக்கு நடுவே, கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி சமமான இடைவெளி விட்டு உட்கார்ந்திருக்கும். சாதாரண நாளில் அவை அமைதியாக இருக்கும். குடலைப் பிடித்து நகர்த்தினால் விழித்துக்கொண்டு நைட்ரிக் ஆக்சைடு, புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்களைச் சுரக்கும். இரண்டும் குடல் தசையைத் தளர்த்திவிடும். கூடவே "இங்கே வாருங்கள்" என்று ரத்தத்துக்கு வேதிச் செய்தி அனுப்பும். அதைக் கேட்டு நியூட்ரோஃபில், மோனோசைட் என்ற வெள்ளை அணுக்கள் படை படையாகத் தசைக்குள் நுழையும். வீக்கம், தளர்ச்சி, அசைவு இல்லை. வெட்டி மூடிய மூணு நாலு மணி நேரத்துக்கு அப்புறம் தொடங்கும் இந்த இரண்டாவது கட்டம்தான் நாள் கணக்கில் நீடிக்கிறது. உங்கள் அப்பாவின் வயிறு இருப்பது இந்தக் கட்டத்தில்.

ஆகஸ்ட் 5, மதியம் 1.30

திருச்சியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "டாக்டர் கை வைத்தது ஒரு முழக் குடலில். மொத்தக் குடலும் ஏன் நிற்கிறது? வயிறு ஏன் காலியாக மறுக்கிறது?"

சரியான கேள்வி. இதற்கு ஜெர்மனியின் பான் நகரத்தில் 2010-இல் ஒரு பதில் கிடைத்தது. குடலில் டி செல் என்ற நினைவாற்றல் உள்ள எதிர்ப்பணுக்கள் உண்டு. கை பட்ட இடத்தில் அவை உசுப்பப்பட்டு, அங்கேயே நிற்காமல் ரத்தத்தில் ஏறி, கை படாத பகுதிக்கும் போய் அங்கே இருக்கும் மேக்ரோஃபேஜ்களைத் தூண்டிவிடுகின்றன. எலிகளில் அந்த செல்கள் ரத்தத்துக்கு வராமல் மருந்தால் தடுத்தபோது குடல் நிற்பது தடுக்கப்பட்டது. ஒரு தெருவில் நடந்த சண்டைச் சேதி அடுத்த தெருவுக்குப் போய் அங்கேயும் கடை அடைப்பது மாதிரி.

நரம்பு வழியாகப் பரவுவதும் உண்டு. இரண்டும் சேர்ந்ததுதான்.

ஆகஸ்ட் 5, இரவு 11.20

இதை எழுதலாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

2014-இல் என் அம்மாவுக்குச் சினைப்பையில் பெரிய நீர்க்கட்டி. எங்கள் ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில், தொப்புளுக்கு மேலிருந்து கீழே வரை நீளமாக வெட்டி எடுத்தார்கள். குடலில் ஒரு தையல்கூடக் கிடையாது. ஆனால் கட்டியை எடுக்கும் வரைக்கும் குடல் முழுவதையும் ஈரத்துணி வைத்து மேலே ஒதுக்கி வைத்திருந்தார்கள். நாலாம் நாள் வரை ஒன்றும் பிரியவில்லை. பச்சையாக வாந்தி. மறுபடியும் மூக்கில் டியூப் போட்டார்கள்.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் எல்லோர் முன்னாலும், "நடக்கச் சொன்னா படுத்தே கெடந்தா இப்படித்தான்" என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன்? "டாக்டர் சொல்றது சரிதான்மா, நட." 

அன்றைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்து பார்த்தால் கட்டிலில் அம்மா இல்லை. வராந்தாவில் டிரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார். ஸ்டாண்டின் ஒரு சக்கரம் மட்டும் கிறீச் கிறீச் என்கிறது. சிறுநீர்ப் பையை முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகி, மற்றொரு கையால் தையலை அழுத்திப் பிடித்திருக்கிறார். ஒரு கோடிக்குப் போய்ச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறார். எத்தனையாவது தடவை என்று கேட்டேன். "முப்பத்தொண்ணு. இன்னும் பிரியலடி" என்றார். குற்றவாளி மாதிரி சொன்னார். ஆறாம் நாள் சாயங்காலம்தான் பிரிந்தது.

நடந்தால் குடல் சீக்கிரம் திரும்பும் என்பதற்குச் சான்று பலமாக இல்லை. 1990-லேயே அமெரிக்காவில் நோயாளிகளின் குடலில் மின்முனை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நடந்தவருக்கும் படுத்திருந்தவருக்கும் குடல் அசைவு திரும்புவதில் வித்தியாசம் இல்லை. நான் அதைப் படித்தது அம்மாவின் ஆபரேஷனுக்கு மூன்று வருடம் கழித்து. படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நடக்க வேண்டும், அதில் மாற்றம் இல்லை. காலில் ரத்தம் கட்டாமல் இருக்க, நுரையீரலில் சளி தங்காமல் இருக்க, உடம்பு வலு இழக்காமல் இருக்க. ஆனால் குடல் திரும்பவில்லை என்பதற்காக நோயாளியின் மேல் பழி போடக்கூடாது.

ஆகஸ்ட் 6, காலை 7.10

பலர் சூயிங்கம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வார்டிலும் கொடுக்கிறோம். வாய் மெல்லும்போது சாப்பாடு வருகிறது என்று மூளை நினைத்துக்கொள்ளும். வேகஸ் நரம்பு வேலை செய்யத் தொடங்கும். வேகஸ் என்பது மூளையிலிருந்து வயிறு வரை இறங்கும் நீண்ட நரம்பு. அது குடலை அசைப்பதோடு மேக்ரோஃபேஜ்களின் கோபத்தையும் தணிக்கும். அமெரிக்காவில் கெவின் ட்ரேசி 2000-இல் வேகஸ் நரம்பு அழற்சியை அடக்குவதைக் காட்டினார். 2005-இல் ஆம்ஸ்டர்டாமில் தெ யோங், பூக்ஸ்டான்ஸ் குழுவினர் எலிகளில் அதே நரம்பைத் தூண்டினால் ஆபரேஷனுக்குப் பின் குடல் நிற்பது குறைகிறது என்று காட்டினார்கள். எனவே சூயிங்கம் நிச்சயம் உதவும்.

ஆகஸ்ட் 6, மாலை 6.45

காலையில் "நிச்சயம்" என்று எழுதியதை எடுத்துவிடுங்கள். சென்னையில் ஒரு சர்ஜரி மாணவி சுட்டிக்காட்டியது சரி. 2002-இல் ஜப்பானில் 19 பேரை வைத்து வந்த முதல் ஆய்வு நம்பிக்கை தந்தது. அப்புறம் சின்னச் சின்ன ஆய்வுகள் பல "உதவுகிறது" என்றன. 2018-இல் நெதர்லாந்தில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 2,000 பேரில் பார்த்தபோது மென்றவருக்கும் மெல்லாதவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கெடுதல் இல்லை, விலையும் இல்லை, வாய் காய்ந்து கிடக்கும் நோயாளிக்கு ஆறுதலாக இருக்கும். அதற்காகக் கொடுக்கலாம். கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

காபிக்குக் கொஞ்சம் நல்ல பேர் இருக்கிறது. 2012-இல் ஹைடல்பெர்கில் பெருங்குடல் ஆபரேஷன் ஆன 80 பேரில் பாதிப் பேருக்குக் காபி, பாதிப் பேருக்கு வெந்நீர். காபி குடித்தவர்களுக்கு முதல் மலம் சுமார் 60 மணி நேரத்தில், வெந்நீர் குடித்தவர்களுக்கு 74 மணி நேரத்தில். ஆனால் காற்று பிரிவதிலும் சாப்பாடு தங்குவதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. உடனே ஃபிளாஸ்க்கில் டிகாஷன் கொண்டுபோய் ஊற்றாதீர்கள், தம்பி. உங்கள் அப்பாவுக்கு மூக்கில் டியூப் இருக்கிறது. டியூப் எடுத்து, டாக்டர் குடிக்கலாம் என்று சொன்ன பிறகு.

ஜப்பானில் சுக்கும் ஜின்செங்கும் ஒருவகை மிளகும் சேர்ந்த தைகென்சூத்தோ என்ற மருந்தை இதற்கென்றே கொடுக்கிறார்கள். ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை. சுக்கு என்றதும் நம் ஆட்கள் சுக்குத் தண்ணீர் காய்ச்சத் தொடங்குவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்: அதுவும் டாக்டர் சொன்ன பிறகுதான்.

ஆகஸ்ட் 6, இரவு 10.00

சேலத்துத் தம்பி: ஸ்கேனில் கசிவு இல்லை, அடைப்பு இல்லை, குடல் முழுக்க வாயு நிரம்பி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். பொட்டாசியம் குறைவு, ஏற்றுகிறார்கள். பொறுமையாக இருங்கள். வலி மருந்து என்ன போகிறது என்று கேளுங்கள்.

ஆகஸ்ட் 7, காலை 9.30

டிராமடால் என்று பதில் வந்திருக்கிறது. ஓபியம் வகை வலி மருந்துகள் குடல் நரம்பின் மேல் உட்கார்ந்து அசைவைக் குறைக்கும். எதிர்ப்பணுக்கள் ஏற்கெனவே தளர்த்தி வைத்த குடலில் இதுவும் சேர்ந்தால் இரட்டைச் சுமை. வலியைத் தாங்கிக்கொள்ளச் சொல்லவில்லை, வலியே குடலை நிறுத்தும். பாராசிட்டமால் ஊசியை நேரம் தவறாமல் போட்டு டிராமடாலைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். கேட்பது தவறில்லை.

அடுத்து டிரிப்ஸ். "ஒண்ணுமே சாப்பிடலியே, இன்னும் ரெண்டு பாட்டில் ஏத்துங்க சிஸ்டர்" என்று கேட்காத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. பாட்டில் தொங்கினால் சிகிச்சை நடக்கிறது என்று ஒரு நிம்மதி. ஆனால் 2002-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் திலீப் லோபோ குழுவினர், குடல் ஆபரேஷன் ஆன 20 பேரில் பாதிப் பேருக்கு வழக்கம்போல நாளுக்கு மூணு லிட்டரும் நிறைய உப்பும், மீதிப் பேருக்கு இரண்டு லிட்டருக்குள்ளும் பாதி உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். குறைத்துக் கொடுத்தவர்களுக்குக் காற்று ஒரு நாள் முன்னதாகப் பிரிந்தது, மலம் இரண்டரை நாள் முன்னதாக. வீட்டுக்கும் மூணு நாள் முன்னதாகப் போனார்கள். அழற்சியால் ஏற்கெனவே கசியும் குடல் சுவரில் அதிகத் தண்ணீர் போய்த் தேங்கினால் அது இன்னும் ஊறிப்போகும். சப்பாத்தி மாவில் தண்ணீர் கூடினால் கையில் பிடிக்க வராதே, அப்படி.

டேன்மார்க்கில் ஹென்ரிக் கேலெட் 1990-களில் தொடங்கியது இதுதான்: சின்ன வெட்டு, ஓபியம் குறைவு, தண்ணீர் அளவோடு, முதல் நாளே வாய் வழியாக உணவு, சீக்கிரம் எழுப்பி உட்கார வைப்பது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்னது. சேர்த்துச் செய்யும்போது ஆட்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போகிறார்கள். சின்னத் துளை போட்டு கேமரா வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப் ஆபரேஷனில் குடல் சீக்கிரம் திரும்புவதற்கும் கை குறைவாகப் படுவது ஒரு காரணம்.

ஆகஸ்ட் 7, மதியம் 3.15

வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்டால் குடல் திரும்பிவிட்டது என்று அர்த்தமா என்று ஒருவர் கேட்கிறார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அதை வேதவாக்காக நம்பினோம். தொப்புளைச் சுற்றி நாலு இடம், ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம். சிறுகுடல் பெரும்பாலும் ஒரு நாளுக்குள்ளேயே அசையத் தொடங்கிவிடும், வயிறு ஒன்றிரண்டு நாளில், பெருங்குடல்தான் மூணு நாள் வரை எடுக்கும். முதலில் கேட்கும் சத்தம் சிறுகுடலுடையதாக இருக்கலாம். சத்தம் கேட்டு டியூபை எடுத்து, ராத்திரியே வாந்தி எடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். சத்தமே இல்லாமல் நன்றாகச் சாப்பிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். காற்று பிரிவதும், சாப்பிட்டது தங்குவதும்தான் நம்பத்தக்கவை.

ஆகஸ்ட் 7, இரவு 11.50

"எதிர்ப்பு சக்திதான் காரணம் என்றால், அதை அடக்க ஒரு ஊசி போட்டுவிடலாமே?" இதே கேள்வி வேறு வேறு வார்த்தையில் பலரிடமிருந்து வந்திருக்கிறது.

எனக்கும் பல வருடம் அப்படித்தான் தோன்றியது. செவ்வாய்க்கிழமை நான் எழுதியதைத் திரும்பப் படித்தால், மேக்ரோஃபேஜை வில்லனாக்கி வைத்திருக்கிறேன். அதைத் திருத்த வேண்டும்.

முதலாவது, அந்தப் புள்ளி செல்கள் குடலின் நரம்புகளோடு தினமும் பேசிக்கொண்டிருப்பவை. 2014-இல் வந்த ஆய்வு அதைக் காட்டியது: மேக்ரோஃபேஜ் ஒரு புரதத்தைக் கொடுத்து நரம்பின் வேலையைச் சீராக்குகிறது, நரம்பு இன்னொரு புரதத்தைக் கொடுத்து மேக்ரோஃபேஜை உயிரோடு வைத்திருக்கிறது. அவை இல்லாவிட்டால் சாதாரண நாளிலேயே குடல் ஓட்டம் கெட்டுப்போகும்.

இரண்டாவது, ரத்தத்திலிருந்து வரும் மோனோசைட்டுகள். இவர்கள்தான் குடலை நிறுத்துகிறார்கள், வராமல் தடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். 2017-இல் பெல்ஜியத்தின் லூவனில், மோனோசைட்டுகள் தசைக்குள் வர முடியாத எலிகளில் பார்த்தபோது குடல் வழக்கம்போலவே நின்றது. ஆனால் திரும்பி வரத் தாமதமானது. அழற்சி அடங்காமல் இழுத்துக்கொண்டே போனது. வந்து சேர்ந்த மோனோசைட்டுகள் சில நாளில் குணம் மாறி, குப்பையை அள்ளி, நரம்பைக் காத்து, ஓட்டத்தைத் திருப்பிக் கொடுப்பவையாகிவிடுகின்றன. தீ வைத்தவன் என்று நாம் பிடித்து வைத்த ஆள் தண்ணீர்க் குடத்தோடு வந்தவனாகவும் இருக்கிறான்.

இன்னொன்றும் உண்டு: வெட்டிச் சேர்த்த குடல் கூடுவதற்கும் இதே செல்கள் வேண்டும். மொத்தமாக அடக்கினால் தையல் பிரியும் பயம்.

மாஸ்ட் செல் என்ற இன்னொரு வகை எதிர்ப்பணு பற்றி ஒருவர் விரிவாக எழுதியிருந்தார். அங்கேயும் இதே மாதிரி ஒரு திருப்பம். குடலைத் தொட்டதும் முதலில் வெடிப்பது அதுதான் என்று ஆம்ஸ்டர்டாம் குழு சொன்னது. 2008-இல் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆன பெண்களின் வயிற்றுத் திரவத்திலும் அதற்கான அடையாளத்தைக் கண்டார்கள். அதே பூக்ஸ்டான்ஸ் லூவனுக்கு மாறிய பிறகு, 2014-இல் மாஸ்ட் செல்லே இல்லாத புதுவகை எலிகளில் பார்த்தால், அவற்றுக்கும் குடல் நின்றது. தங்கள் பழைய முடிவைத் தாங்களே மறுத்து எழுதினார்கள். அதற்கு மரியாதை செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 8, காலை 5.55

சேலத்திலிருந்து ராத்திரி 2.10-க்கு வந்த செய்தி: "அக்கா பிரிஞ்சிடுச்சு. ரெண்டு தடவை. சித்தப்பா அழுவுறார்."

நைட் டியூட்டியில் கூட இருந்தவர்களிடமும் சொல்லிவிட்டேன். முகம் தெரியாத ஒருவருக்குக் காற்று பிரிந்ததற்கு மூணு நர்ஸ்கள் கை தட்டினோம்.

இன்று வெறும் தண்ணீர், அது தங்கினால் கஞ்சித் தண்ணீர். டாக்டர் சொல்லும் வரிசையில். எடுத்ததும் இட்லி வேண்டாம்.

ஆகஸ்ட் 9, இரவு 9.40

தம்பி, நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வி: "இனிமேல் பிரச்சினை வராதே?"

பெரும்பாலும் வராது. ஆனால் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். என் பெரியம்மாவுக்கு 2009-இல் கர்ப்பப்பையை எடுத்தார்கள். பதினோரு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. 2020-இல் ஒரு நாள் விட்டு விட்டு வயிற்றை முறுக்கும் வலி, வயிறு உப்பல், பச்சை வாந்தி, காற்றும் இல்லை மலமும் இல்லை. பழைய ஆபரேஷன் இடத்திலிருந்து நூல் மாதிரி ஒரு பட்டை வளர்ந்து சிறுகுடலை இறுக்கியிருந்தது. வார்டில் இதை "குடல் ஒட்டிக்கிச்சு" என்போம்.

ஒட்டல் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வருகிறது. 1990-இல் லண்டனில் மென்சீஸ், எல்லிஸ் இருவரும், முன்பே வயிற்று ஆபரேஷன் ஆன 210 பேரை மறுபடி திறந்தபோது பார்த்ததில் 93 சதவீதம் பேருக்கு ஒட்டல் இருந்தது. அதில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருக்குத்தான் பெரியம்மா மாதிரி. வருடங்கள் கழித்துக்கூட வரலாம் என்பதால், அப்பா எந்த டாக்டரிடம் போனாலும் பழைய ஆபரேஷனைச் சொல்லச் சொல்லுங்கள். மேலே சொன்ன நாலும் சேர்ந்து வந்தால் வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்து வீட்டில் வைத்திருக்கக் கூடாது. பெரியம்மாவை ஒன்றரை நாள் வைத்திருந்தார்கள். நல்லவேளை, குடல் கறுக்கவில்லை.

இங்கேயும் அதே செல் குடும்பம்தான். குடலின் மேல் வழுவழுப்பான மெல்லிய தோல் உண்டு. கை பட்டும், காய்ந்தும், துணி உரசியும் அது உரிந்த இடத்தில் ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரின் என்ற புரதம் கசிந்து பசை போலாகும். உடம்பு அதைச் சீக்கிரம் கரைத்துவிட்டால் தப்பித்தோம். கரைக்கும் சக்தியை அழற்சி குறைத்துவிட்டால் பசையில் நார் வளர்ந்து நிரந்தரப் பட்டையாகிவிடும்.

கையுறைப் பொடி ஞாபகம் வருகிறது. நான் சேர்ந்த புதிதில் கையுறையை உதறினால் வெள்ளையாகப் பறக்கும், மாவுப்பொடி. அதற்கும் முன்னால் டால்க் இருந்ததாம். அந்தப் பொடி வயிற்றுக்குள் விழுந்தால் எதிர்ப்பணுக்கள் சுற்றி வளைத்துக் கட்டி கட்டியாக்கி ஒட்டலை உண்டாக்கும். அமெரிக்காவில் பொடிக் கையுறைகளை மருத்துவப் பயன்பாட்டிலிருந்தே தடை செய்தார்கள், 2017 ஜனவரியிலிருந்து. அதைப் போட்டுக்கொண்டு எத்தனை கேஸுக்கு உதவியிருப்பேன் என்று நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 10, மதியம் 2.20

ஒட்டலைப் பற்றி எழுதியதும் இது இல்லாமல் முடிக்க மனம் வரவில்லை.

வயிற்றுக்குள் குடல்களுக்கு நடுவே கொஞ்சம் திரவம் உண்டு. அதில் இன்னொரு வகை மேக்ரோஃபேஜ்கள் மிதந்துகொண்டிருக்கும். 2021-இல் கனடாவின் கால்கரியில் எலிகளில் நேரடியாகப் படம் பிடித்தார்கள். வயிற்றின் உள்தோலில் லேசரால் ஒரு சின்னப் புண் செய்ததும், மிதந்து வந்த மேக்ரோஃபேஜ்கள் சில நிமிடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிப் புண்ணை அடைத்துவிட்டன. ரத்தக் குழாயில் தட்டணுக்கள் செய்யும் வேலையை ரத்தமே இல்லாத இடத்தில் இவை செய்கின்றன. சின்னப் புண்ணுக்கு இது நல்ல மருந்து. ஆபரேஷன் மாதிரி பெரிய புண்ணானால் அடைக்கும் வேகத்தில் கொத்துக் கொத்தாகக் கட்டி, ஒட்டலுக்கு அடித்தளம் போட்டுவிடுகின்றன.

கடல் முள்ளெலியின் உடலுக்குள் இருக்கும் செல்களும் காயம் பட்டால் இப்படித்தான் திரள்கின்றன. மெச்னிகோவ் 1882-இல் இத்தாலியின் மெசினாவில் நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் முள்ளைக் குத்திவிட்டு, மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றி செல்கள் மொய்த்திருந்ததைப் பார்த்தார். விழுங்கு செல் என்ற எண்ணமே அங்கேதான் பிறந்தது. வயிற்றைத் திறந்து மூடி உயிர் பிழைப்பது மனுஷனுக்கே புதிது, பரவலாகி இருநூறு வருடம்கூட ஆகவில்லை. அந்த செல்களுக்குத் தெரிந்ததெல்லாம் முள் குத்துவதும் பல் படுவதும்தான். கத்தியையும் கையுறையையும் கண்டால் அதே பழைய வேலையைச் செய்கின்றன.

ஆகஸ்ட் 11, இரவு 8.30

இன்று அம்மாவுக்குப் போன் போட்டு இதையெல்லாம் படித்துக் காட்டினேன். கோலப்புள்ளி வரை பொறுமையாகக் கேட்டார். நடப்பதைப் பற்றிய பகுதி வந்ததும், "அப்போ நான் முப்பத்தொரு தடவை சும்மாவா நடந்தேன்?" என்றார். காலில் ரத்தம் கட்டாமல் இருந்ததே அம்மா என்றேன். "அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல" என்றார். மன்னிப்புக் கேட்டேன்.

ஆகஸ்ட் 12, காலை 10.15

மூன்றாம் நம்பர் கட்டிலில் நேற்று வந்த கேஸ், குடல் ஓட்டை, அவசர ஆபரேஷன். கூட இருப்பது மகள், கல்லூரியில் படிக்கிற வயது. "சிஸ்டர், எப்போ காத்து பிரியும்?" என்று காலையிலிருந்து நாலு தடவை கேட்டுவிட்டாள். வழக்கமாக "ஆகும்மா, இரு" என்று சொல்லிவிட்டுப் போவேன். இன்று கேஸ் ஷீட்டின் பின்பக்கத்தில் குடலை வரைந்து, புள்ளி வைத்து, வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அம்புக்குறி போட்டுக் காட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தாள். "வந்தவங்கல்லாம் அப்புறம் எங்க போவாங்க?" என்றாள்.

"பாதிப் பேர் அங்கேயே செத்துப்போவாங்க. மீதிப் பேர் அவங்களை அள்ளிச் சுத்தம் பண்ணுவாங்க. அதுக்கு மூணு நாலு நாள் ஆகும்."

"புள்ளிங்க?"

"புள்ளிங்க அங்கேயேதான் இருக்கும்."

தாளைக் கேட்டு வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். கேஸ் ஷீட்டுக்கு வேறு தாள் போட்டேன்.